கோழிக்கும் காவல், பூனைக்கும் தோழன்

கொல்லையில் நாட்டுக்கோழி, வீட்டுக்குள் பூனை. இரண்டையும் ஒன்றாக வளர்ப்பது எப்படி என்று பலரும் என்னிடம் விசாரிக்கிறார்கள். பலரும் என்றால் எதிர்வீட்டுக்காரர். விசாரிப்பது என்றால், "உங்க வீட்டுப் பூனை எங்க கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போயிடுச்சே, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று வாசலில் நின்று கேட்பது. இந்தத் துறையில் எனக்கு ஆறு வருட அனுபவம் இருக்கிறது. பதினொரு குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சேர்த்த அனுபவம். அதை இலவசமாகவே தருகிறேன்.

தேவையான பொருட்கள்: பெட்டைக்கோழி 2, சேவல் 1, பூனை 1 (இதை நீங்கள் தேட வேண்டியதில்லை, கோழி வாங்கிய செய்தி கேட்டுத் தானே வரும்), பஞ்சாரம் 1, கம்பிவலை வேண்டிய அளவு, அப்பாயி 1. அப்பாயி கிடைக்காதவர்கள், பொழுது சாயும் நேரத்தில் செல்போனைக் கீழே வைக்கக்கூடிய எவரையும் பயன்படுத்தலாம்.

படி 1: இது புதுச் சிக்கல் இல்லை என்று தேறுங்கள்

குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் இதை எழுதிவைத்துவிட்டார். மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் அதற்கு வெருகு என்று பெயர். எங்கே போய் நுழைவது என்று தெரியாத வீட்டுக்கோழி, குஞ்சுகளைக் கூவிக் கூவிக் கூட்டுகிறது. ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும் தலைவனை வாசலிலேயே மறிக்கும் தோழி சொல்லும் பாட்டு அது. கோழி வெறும் உவமைக்கு வந்தது. இருந்தாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூனை வந்த நேரம் மாலை, வந்த இடம் வேலி. மாசாத்தியார் ஒரே பாட்டில் சொல்லிவிட்டதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினொரு குஞ்சு ஆயிற்று.

படி 2: சைக்கிளில் வரும் குஞ்சை வாங்குங்கள்

தொடக்கக்காரர்கள் எல்லாரும் செய்வது இது. தெருவில் கூடை நிறைய ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கலர் குஞ்சுகள் வரும். முட்டைக்கோழிப் பண்ணைக்கு உதவாத சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் இப்படிச் சாயம் பூசிக்கொண்டு ஊரைப் பார்க்க வருகின்றன. நான் ஆறு வாங்கினேன்.

தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். அதனால் ஓர் அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். இதமான வெதுவெதுப்பு, மெல்லிய வெளிச்சம், ஓயாத கீச்சொலி, திறந்த கூரை. பூனைக்கு இதைவிட நல்ல உணவு விடுதியை யாராலும் கட்டித்தர முடியாது. எங்கள் பூனை பெட்டி விளிம்பில் முன்னங்கால்களை வைத்து, சாமி சன்னிதியில் நிற்பதுபோல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாசத்த பாருங்க அப்பாயி" என்றேன்.

"பாக்குறேன், பாக்குறேன். வாலப் பாரு" என்றது அப்பாயி.

வாலின் நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் ரோஸ் குஞ்சு இல்லை. பூனையின் மீசையோரம் லேசாக ரோஸ் இருந்தது.

படி 3: பூனையைத் திருத்துங்கள்

குற்றவாளியைத் தண்டிக்காமல் மனம் மாற்ற வேண்டும் என்ற கொள்கையில் ஒரு மாதம் தயிர்சாதம் போட்டேன். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பதும் இதற்குப் பிறகு நான் படித்தவை. செரிக்கவில்லை என்பதை மட்டும் படிக்காமலே, மெத்தையில் தெரிந்துகொண்டேன். பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து வேண்டும். அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது கிடைக்காத பூனைக்குக் கண் போகும், இதயம் கெடும். ஆக, பூனையைச் சைவமாக்குவது அதைச் சீர்திருத்துவதல்ல, சிறுகச் சிறுகக் கொல்வது.

அடுத்து எதிர்த்திசையில் போனேன். வயிறு நிறைந்தால் வேட்டையாடாது என்று எண்ணி, மத்தி மீனும் சாதமும் மூக்குமுட்டப் போட்டேன். தின்று முடித்து, மீசையைத் துடைத்து, தெம்பாக வேட்டைக்குக் கிளம்பியது. பசிக்கும் வேட்டைக்கும் பூனை தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. கண்முன்னே சின்னதாக ஒன்று கீச்சிட்டுக்கொண்டு ஓடினால் வயிற்றைக் கேட்டுக்கொண்டு நிற்காது, பாய்ந்துவிடும்.

படி 4: மணி கட்டுங்கள்

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசிய காலத்திலிருந்து ஒத்திவைக்கப்பட்டிருந்த வேலையை நான் முடித்தேன். கையில் நான்கு கீறல், பரவாயில்லை. விளைவுதான் வேறாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாயி நொய் போட்டுவைத்த தகர டப்பாவைக் குலுக்கி, "பா... பா... பா..." என்று கூப்பிட்டால் கோழிகள் எங்கிருந்தாலும் ஓடிவரும். டப்பாவும் மணியும் குஞ்சுகளின் காதுக்கு ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். மணியோசை கேட்ட திசைக்கு அவை இரைதேடி ஓடின. பூனை தன் வாழ்நாளில் அன்றுதான் ஆச்சரியப்பட்டது.

மணியை அன்று மாலையே கழற்றிவிட்டேன். இன்னும் இரண்டு கீறல்.

படி 5: தாயை முன்னே நிறுத்துங்கள்

இந்த இடத்தில் அப்பாயி பொறுப்பை எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அடைக்கோழி வாங்கிவந்து, பழைய கூடையில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு முட்டை வைத்தது. இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சு. மூன்று கூமுட்டை.

குஞ்சுகளோடு இறங்கிய அந்தக் கோழியைப் பார்த்துத்தான் பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். அதனிடம் இரண்டு கூப்பாடு இருந்தது. வானத்தில் பருந்து என்றால் மெல்லிசாக நீட்டி ஒரு குரல். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே பம்மும். தரையில் ஆபத்து என்றால் விட்டுவிட்டுக் கொக்கொக்கென்று அதட்டல். எங்கள் பூனை வழக்கம்போலப் பதுங்கி, பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் குறிபார்த்தது. அடுத்த நொடி இறக்கையை விரித்து, கழுத்துமயிர் சிலிர்க்க, அதன் முகத்தின்மேலேயே பாய்ந்தது கோழி. பூனை சுவரேறி, கூரையேறி, அன்று முழுக்க இறங்கவில்லை.

வளர்ந்த நாட்டுக்கோழியிடம் பெரும்பாலான வீட்டுப்பூனைகள் வம்புக்குப் போவதில்லை. அலகும் கால்நகமும் உள்ள பறவை, எலி மாதிரி இல்லை என்று ஒரே கொத்தில் புரிந்துவிடும். ஆபத்தெல்லாம் குஞ்சுப் பருவத்தில்தான். இரண்டு மாதம் தாண்டி, இறக்கை முளைத்து, உடம்பு தேறும்வரை குஞ்சையும் பூனையையும் தனியாக விடாதீர்கள். தாய்க்கோழியும் பகலில்தான் வீராங்கனை. இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் தெரியாது. பூனைக்கு அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

படி 6: கோட்டை கட்டுங்கள்

கடையில் போய்க் கோழிவலை என்று கேட்டால் அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய வலையைத் தருவார்கள். பெயருக்கு ஏற்றபடி அது கோழியை உள்ளே வைக்கும். வெளியே இருப்பதை அதனால் தடுக்க முடியாது. ஓட்டை வழியாகக் கையை விட்டு இழுக்கும் கலை பூனைக்குத் தெரியும். அரை அங்குலக் கட்டம் போட்ட, பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள்.

நான் நான்கு பக்கமும் ஆளுயரத்துக்கு வலை அடித்துவிட்டு, மேல்பக்கத்தை வெயில் வரட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் வந்தது. வெயில் காய்வதற்குப் பூனையும் வந்தது. ஆகவே கூரை உண்டு என்பதை வரைபடத்திலேயே குறித்துவையுங்கள். வலையின் அடிப்பகுதியை ஒரு முழமாவது மண்ணுக்குள் இறக்குங்கள். தாழ்ப்பாள், தட்டினால் திறந்துகொள்ளாததாக இருக்கட்டும்.

இவ்வளவு செலவு முடியாதென்றால் பஞ்சாரம் போதும். மூங்கிலில் முடைந்து கவிழ்த்துவைக்கும் அந்தக் கூடை எத்தனையோ தலைமுறைகளைக் காப்பாற்றியிருக்கிறது. மேலே ஒரு அம்மிக்குழவியை வைத்துவிடுங்கள். பூனை பஞ்சாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தால், அதுவும் ஒரு பாரம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பூனைக்கும் நியாயம் செய்யுங்கள்

கோழிக்கு எதிரிகளின் பட்டியல் நீளம்: பருந்து, காக்கை, கீரி, மரநாய், தெருநாய், பாம்பு, விருந்துக்கு வரும் மாப்பிள்ளை. கடைசியாகச் சொன்னதை எந்தக் கம்பிவலையும் தடுக்காது. எங்கள் வீட்டில் ஆறு வருடத்தில் பூனை பிடித்தது பதினொன்று. அத்தை மாப்பிள்ளைக்காக அடித்தது பதினேழு. ஆனால் வீட்டில் திருட்டுப்பட்டம் பூனைக்கு மட்டுமே.

பூனை செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். நொய்யும் தவிடும் சிந்திக்கிடக்கும் இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். எலியைக் குறைக்கும் பூனை, கோழிக்கூட்டுக்குக் காவல்காரனும்தான். சம்பளத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் காவல்காரன்.

இரண்டின் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தால் கொல்லையே காலியாகிவிடும். கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கோழி அறுக்கும் நாளில் குடலைப் பச்சையாகப் பூனைக்குப் போடாதீர்கள். பறவைக்காய்ச்சல் பூனையையும் கொல்லும். நோய் இல்லாவிட்டாலும், குஞ்சின் ருசியை நீங்களே அறிமுகம் செய்துவைத்த மாதிரி ஆகும். வேகவைத்த எலும்பும் வேண்டாம். அது சிலும்பாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும்.

இன்னொரு தகராறு மண்ணில் வரும். பொலபொலவென்ற மண் கோழிக்குக் குளியலறை, பூனைக்குக் கழிப்பறை. பூனையின் கழிவிலிருந்து கிருமி கோழிக்கும், அரைவேக்காட்டுக் கறி வழியாக நமக்கும் வரலாம். பூனைக்கு ஒரு மூலையில் தனியாக மணல் கொட்டிக் கொடுங்கள். கோழி குளிக்கும் குழியின்மேல் இரவில் பலகை போட்டு மூடுங்கள்.

படி 8: கடைசிக் கண்ணியைத் தேடுங்கள்

ஏழு படியும் முடித்தேன். கூரையோடு கோட்டை, தாய்க்கோழி, தனி மணல், வயிறு நிறைய மீன். அப்படியும் ஒரு நாள் இரண்டு குஞ்சு போயிற்று. கொல்லைக்கு ஓடி வலையை இண்டு இடுக்கு விடாமல் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. மண்ணில் பறித்த குழி இல்லை. பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ செஞ்சது சரியா?" என்று ஆரம்பித்தேன்.

அப்பாயி திண்ணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பூனைக்கு என்னடா புத்தி சொல்ற? நேத்து பொழுது சாஞ்சப்ப கூட்ட சாத்தச் சொன்னேனே, சாத்துனியா?"

மேட்ச்சின் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் சாத்தலாம் என்றிருந்தேன்.

பதினொன்றில் மற்ற ஒன்பதையும் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் நான் இருந்தேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று யாரையோ திட்டுவதற்குச் சொல்லிவைத்த பழமொழி. கோழி விஷயத்தில் அந்த ஆள் நான்தான்.

எனவே இந்த வழிகாட்டியைக் கத்தரித்து ஒட்டிவைக்க விரும்புகிறவர்கள் முதல் ஏழு படிகளை வெட்டி எறிந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். வலையும் வேண்டும், தாயும் வேண்டும். ஆனால் பழக்க வேண்டிய பிராணி பூனை அல்ல. எனக்கு இப்போது ஆறு மணிக்கு அப்பாயி டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டால் போதும், கோழிகளோடு கோழியாக நானும் கொல்லைக்கு ஓடுகிறேன்.

நேற்றும் ஓடினேன். கோழிகள் வரிசையாக உள்ளே போக, அப்பாயி விரல்விட்டு எண்ணியது. மதில்மேல் உட்கார்ந்து பூனையும் தலையைத் திருப்பித் திருப்பி எண்ணியது. தாழ்ப்பாளைப் போட்டேன். கணக்கு மூவருக்கும் சரியாக இருந்தது. பூனை மட்டும் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.