சமாதானத்துக்கு முன்பணம்

கேள்வி: போர் நடத்திய தலைவர்களுக்கே அமைதிக்கான நோபல் பரிசைத் தூக்கிக் கொடுக்கிறார்களே, ஏன்?

பதில்: சண்டையை நிறுத்த, சண்டை போடுகிறவர் கையெழுத்துதானே வேண்டியிருக்கிறது! நார்வே நாடாளுமன்றம் நியமிக்கும் ஐவர் குழு, முடித்த வேலைக்குக் கூலியாக மட்டும் பரிசு தருவதில்லை. இனி நல்லது செய்வார் என்று நம்பி முன்பணமாகவும் தருகிறது. 2009-ல் ஒபாமாவுக்கு அறிவித்தபோது அவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்று ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. எரித்திரியாவோடு சமாதானம் செய்ததற்காக 2019-ல் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டே எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் போர் மூண்டு, சொந்த மக்களே கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

1973 கதை இன்னும் மோசம். வியட்நாம் போர்நிறுத்தத்துக்காக அமெரிக்காவின் கிஸ்ஸிஞ்சருக்கும் வட வியட்நாமின் லே டுக் தோவுக்கும் சேர்த்துப் பரிசு. என் மண்ணில் அமைதியே வரவில்லை, எனக்கு எதற்குப் பரிசு என்று தோ மறுத்துவிட்டார். தேர்வுக் குழுவிலேயே இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். 1975-ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வட வியட்நாமிடம் விழுந்ததும் கிஸ்ஸிஞ்சர் பரிசைத் திருப்பித்தர முன்வந்தார், குழு வாங்கிக்கொள்ளவில்லை.

என்னைக் கேட்டால், ஒப்பந்தம் ஐந்து வருஷமாவது தாக்குப்பிடிக்கட்டும். அதற்குப் பிறகு கொடுக்கட்டும் பரிசை.