பக்கச்சுவர்க் கல்வெட்டு: பழைய பைக் டயரின் காலக்கணிப்பு குறித்துச் சில துணிபுகள்

கல்வெட்டு படிப்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அரசன் எத்தனை நாடு வென்றான், எத்தனை யானை பிடித்தான் என்று மெய்க்கீர்த்தி பத்து வரி முழங்கினாலும் அதில் மயங்க மாட்டார்கள். கண் நேரே கீழே இறங்கி, 'யாண்டு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று தேடும். அந்த எண் கிடைத்தால்தான் கல்வெட்டுக்குக் காலம்; காலம் தெரிந்தால்தான் மற்றதற்கெல்லாம் மதிப்பு. அப்படிப்பட்ட அறிஞர் ஒருவர் தம் பழைய ஆர்.எக்ஸ். 100-க்கு டயர் வாங்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவதாகக் கொள்வோம். முறை தலைகீழாகிவிடும். கம்பெனிப் பெயரைப் படிப்பார். பட்டன் ஆழமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். "கடைசி விலை சொல்லுங்க" என்பார். மெய்க்கீர்த்தியை முழுக்கப் படித்தாயிற்று, யாண்டை மட்டும் விட்டாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளுக்கு மாற்று டயர் தேர்வதில் கம்பெனி, டிசைன், அகலம் மூன்றையும்விடப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு. 'பழைய' என்ற அடைமொழி இங்கே அலங்காரத்துக்கு வந்ததாக யாரும் கொள்ள வேண்டாம். வாதம் முழுதும் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

டயருக்கும் கல்வெட்டுக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு என்பார்க்கு ஊரையே சான்றாகக் காட்டலாம். திருவொற்றியூர்க் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே ஊரில்தான் 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலாக மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி தொடங்கியது, பிற்பாடு எம்.ஆர்.எஃப். என்று பெயர் சுருங்கி டயராகப் பெருத்தது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் ஆலையும் அங்கேதான் அமைந்தது. போதாக்குறைக்குப் பட்டினத்தார் அடங்கிய இடமும் அதே ஊர். பற்றை விட்டவர் சமாதி கொண்ட கடற்கரையில், சாலையைப் பற்றிக்கொள்வதையே தொழிலாகக் கொண்ட பொருள் வார்க்கப்படுகிறது. இதிலிருந்து முடிவு எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ஆய்வுக் களம் பொருத்தமானது என்று காட்டவே சொன்னது.

இனி மூலபாடம். ஆர்.எக்ஸ். 100-இன் பின்சக்கர டயரில் '2.75-18' என்று இருக்கும். முன்னது டயரின் அகலம், பின்னது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. அடுத்து '42பி' என்று வந்தால், 42 என்பது 150 கிலோ சுமையைக் குறிக்கும், 'பி' என்பது மணிக்கு 150 கி.மீ. வேகத்தைக் குறிக்கும். ஒரே எண்ணை இரண்டு வேடம் போட்டு ஒளித்து வைத்த இந்த நயம் எந்தச் சித்திரகவிக்கும் குறைந்ததல்ல. '6 பி.ஆர்.' என்பதைப் பார்த்து உள்ளே ஆறு அடுக்கு நூல் இருக்கும் என்று பொருள் கொள்வது பருத்தி நூல் காலத்து உரை. நைலான் வந்தபின் அது வலிமையின் அளவு மட்டுமே. '80/100-18' என்ற பாடபேதமும் கடைகளில் வழங்குகிறது. அதில் அகலம் 80 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு நூறு. 2.75 அங்குலம் என்பது ஏறத்தாழ 70 மில்லிமீட்டர்தான் என்பதால், இரண்டும் ஒன்றே என்று சொல்லி மாட்டிவிடுபவர் கணக்குப்படி சக்கரத்தின் விட்டத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்துகிறார். பல வண்டிகள் இதைத் தாங்கும். சிலவற்றில் செயின் கவரோ மட்கார்டோ உரசிக்கொண்டே மறுப்பு எழுதும்.

இவ்வளவும் மெய்க்கீர்த்தி. யாண்டு வேறோர் இடத்தில், பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டும், சின்ன நீள்வட்டச் சிமிழுக்குள் இருக்கும். '3418' என்று கண்டால் 2018-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம், அதாவது ஆகஸ்டில் பிறந்த டயர். 2000-க்கு முன் இந்த எண்ணுக்கு மூன்று இலக்கமே வழக்கம்: '347' என்றால் ஏழில் முடியும் ஏதோ ஓர் ஆண்டு. 1987-ஆ, 1997-ஆ என்று பெரும்பாலும் டயரே சொல்லாது. சோழர் கல்வெட்டில் அரசன் பெயர் இல்லாமல் வெறும் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால், அது எந்தப் பரகேசரி என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்களே, அதே சிக்கல். நான்காம் இலக்கம் சேர்ந்ததில் டயர்த்துறை கல்வெட்டுத்துறையை ஒரு படி முந்திவிட்டது. மூன்று இலக்க டயர் இன்றும் ஏதாவது கொட்டகையில் நிற்கும் வண்டியில் கிடைக்கக்கூடும். அது அருங்காட்சியகப் பொருள். அதில் ஏறி ஊருக்குப் போகக்கூடாது.

யாண்டுக்கு ஏன் இத்தனை மரியாதை எனின், ரப்பர் என்பது முடிந்துபோன பொருளன்று. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் பிசுபிசுக்கும் ரப்பர் உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். ரப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. பாலம் சரியான அளவில் இருந்தால் நெகிழ்வு. அச்சிலிருந்து டயரை எடுத்தபிறகும் வேலை நிற்பதில்லை, அடுப்பை அணைத்தபின் தோசைக்கல் காய்ந்துகொண்டிருப்பதைப் போல. காற்றில் உள்ள ஆக்சிஜன் தன் பங்குக்கு முடிச்சுகள் போட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் ஆண்டுக்காண்டு விறைக்கும். ஓசோன் மேற்பரப்பைக் கடித்து மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். இதைத் தடுக்க மெழுகையும் வேறு சில வேதிப்பொருள்களையும் உள்ளே கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு அமுங்கி எழும்போது அவை மெல்ல மேலே வந்து போர்வை போடும். உருளாத டயரில் இந்த வேலை மந்தப்படும். பைக் ஓட்டாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பவரின் டயர்தான் முதலில் வெடிப்பு விடுவதன் காரணம் இது. விறைத்த ரப்பரால் சாலைக் கல்லின் மேடுபள்ளத்துக்குள் இறங்க முடியாது. காய்ந்த சாலையில் இது தெரியாது. முதல் மழையில், எண்ணெய் மிதக்கும் திருப்பத்தில், பிரேக்கை லேசாகத் தொட்டவுடன் தெரியும்.

இங்கேதான் 'பழைய' என்ற சொல் வேலை செய்கிறது. நாளொன்றுக்கு 60 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 300 நாள் வண்டி ஓட்டும் ஒரு கூரியர் இளைஞரை எடுத்துக்கொள்வோம்; ஆண்டுக்கு 18,000 கி.மீ. அவர் டயர் 20,000 கி.மீ. தாங்கும் என்றால், ரப்பர் கிழடாகும் முன்பே தேய்ந்து முடிந்துவிடும். அவருக்கு யாண்டு பெரிய கேள்வியாகாது. மறுபக்கம், 1996-இல் உற்பத்தி நின்ற ஆர்.எக்ஸ். 100-ஐ ஞாயிறுதோறும் துடைத்து, மாதம் நான்கு முறை டீக்கடை வரை ஓட்டுபவர் ஆண்டுக்கு 2,000 கி.மீ. தாண்டினால் அதிசயம். அதே டயர் தேய அவருக்குப் பத்து ஆண்டு வேண்டும். ஐந்து ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்தில் எப்படியிருந்தாலும் கழற்றவும் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆக, பழைய வண்டியின் டயரைக் கொல்வது தூரம் அன்று, காலம். இதோடு இன்னொரு கொடுமையும் சேர்கிறது. ஸ்ப்ளெண்டருக்கு ஆகும் 2.75-18 கடையில் காலை இட்லி மாதிரி. வந்த வேகத்தில் போய்விடும். ஆர்.எக்ஸ். 100-இன் பின்சக்கரம் அந்தப் புண்ணியத்தில் பிழைக்கிறது. 1960-களில் மைசூரில் செய்த ஜாவாவுக்கு 3.25-16 கேட்டால், கடைக்காரர் பரண் மேல் ஆள் ஏற்ற வேண்டியிருக்கும். அங்கிருந்து தூசியோடு இறங்குவது எந்த யாண்டில் ஏறியது என்பது பரணுக்கே வெளிச்சம். யாருக்குக் காலம் முக்கியமோ அவருக்கே காலம் கடந்த சரக்கு போய்ச் சேரும்படி சந்தை அமைந்திருக்கிறது.

பட்டன் ஆழமாக இருக்கிறது, மீசைகூட உதிரவில்லை, இதைப் பழசென்று எப்படிச் சொல்வது என்பாரும் உளர். மீசை என்பது அச்சில் காற்று வெளியேறும் துளை வழியே ரப்பர் நீண்டு நிற்கும் முடி. அது ஓடாமைக்குச் சான்று, இளமைக்குச் சான்றாகாது. கல்யாணமாகாதவரெல்லாம் இளைஞர் என்ற கணக்குக்கு இது ஒப்பானது. சட்டம் ஆழத்தைத்தானே கேட்கிறது என்றால், ஆம், இருசக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அது மொட்டை டயரைப் பிடிக்க வைத்த வலை. நரைத்த டயர் அதில் சிக்காது. நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்ப்பது நல்ல துணைச்சான்று: பதிந்து மெல்ல மீண்டால் உயிர் இருக்கிறது, மேசையில் அழுத்தியது போல வழுக்கினால் இல்லை. பாலிஷ் தடவிய டயரில் எல்லா நகமும் வழுக்கும் என்பதால் இதைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

யாண்டு கிடக்கட்டும், அகலமான டயர் போட்டால் பிடிப்புக் கூடுமே என்பது அடுத்த கட்சி. இளைஞர் கூட்டம் பெரிது என்பதால் பதிலும் கொஞ்சம் விரிவாக வேண்டும். பின்சக்கரத்தில் 110 கிலோ இறங்குகிறது, காற்று 28 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும் பரப்பு 55 சதுர சென்டிமீட்டர். விரல்களை மடக்கினால் மிஞ்சும் உள்ளங்கையைவிடச் சற்றுச் சிறியது. டயரின் விறைப்பால் கொஞ்சம் மாறினாலும் கணக்கின் எலும்புக்கூடு இதுதான், இதில் அகலம் என்ற சொல்லே வரவில்லை. அகலத்தைக் கூட்டினால் அந்த உள்ளங்கை குறுக்கே நீண்டு நெடுக்கே சுருங்கும்; காற்றும் சுமையும் மாறாதவரை பெரிதாக வளராது. ஒல்லி ரிம்மில் தடி டயரைத் திணித்தால் அதன் முதுகு கூனி, வண்டி சாயும்போது ஓரம் சரியாகப் படியாமலும் போகும். எனவே அகலத்தால் கூடுவது பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணில்தான். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை இக்கட்டுரை மறுக்கவில்லை.

நிழலில் வைத்த டயருக்கு வயதாகாது என்ற மறுப்பு மட்டும் ஓரளவு நிற்கக்கூடியது. இருட்டும் குளிர்ச்சியும் உள்ள கிடங்கில் முதுமை உண்மையிலேயே மெதுவாக வரும். இரண்டாண்டு பழையதை அஞ்சி ஓட வேண்டியதில்லை. நம் கடைகள் எப்படி இருக்கின்றன? வாசலில் மாலை கோத்தது போல டயர்கள் வெயிலில் தொங்கும். கீழே காற்றடிக்கும் கம்ப்ரசர் மோட்டார் பொறி தெறிக்கச் சுற்றும். பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் பிறக்கும். ரப்பரை முதிர்விக்க ஒரு சோதனைச்சாலை அமைக்கச் சொன்னாலும் இதைவிடப் பொருத்தமாக அமைப்பது கடினம். விலை குறைவே என்ற மறுப்பைக் கூட்டல் கழித்தலால் முடித்துவிடலாம். புது டயர் 2,000 ரூபாய், எட்டு ஆண்டு வரும் என்றால் ஆண்டுக்கு 250. ஐந்து ஆண்டு பழையதை 1,500-க்குக் கொடுத்தால் மிச்சம் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 500. தள்ளுபடி யாருக்கு என்பது வெளிப்படை.

ஆகவே கடையில் நடந்துகொள்ளும் முறை: முதலில் டயரைப் புரட்டச் சொல்ல வேண்டும். யாண்டு எப்போதும் மறுபக்கத்தில்தான் இருக்கும் என்பது விதியாக எங்கும் எழுதப்படவில்லை, ஆனாலும் இருக்கும். கட்டைவிரலால் வெள்ளைப் பொடியைத் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டுக்கும் இதே உத்திதான். "தேதியெல்லாம் பார்த்தா வாங்குவீங்க, இதென்ன பாலா சார்?" என்ற கேள்வி வரும். ஆம் என்று சொல்லிவிட்டு டியூபையும் ரிம் டேப்பையும் கூடவே கேட்க வேண்டும். புது வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரரை விட்டால் வால்வடியில் கிழிவார். மாட்டும் முன் ஒரு மைப்படி எடுத்துக்கொள்வது அவசியம், செல்போன் படமே போதும். என்னை எனின், சுழலும் திசை காட்டும் அம்புக்குறி டயரை எந்தப் பக்கம் பார்க்க வைக்கும் என்பது நம் கையில் இல்லை. அது பெரும்பாலும் யாண்டைச் செயின் பக்கமே திருப்பிவிடும். அப்புறம் அதைப் படிக்க விரும்புபவர் வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, கிரீஸும் சாணியும் அப்பிய சுவரை ஈரத்துணியால் துடைத்து, நான்காம் இலக்கம் எட்டா மூன்றா என்று வாசலில் நிற்கும் மனைவியிடம் கேட்க வேண்டியிருக்கும்.