ஐந்து ரூபாயும் ஐந்து லட்சமும்

எழுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் கம்பெனி வேலைக்காரர் வீடு என்றால் ரேஷன் கார்டும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் இருக்கும். கூடவே கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு கண்ணாடி பாட்டிலும் இருக்கும். டிஸ்பென்சரிக்குப் போகும்போது பாட்டிலை மறந்தால் மிக்சர் கிடையாது. கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சாய்த்து ஊற்றுவார். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். அந்த வெட்டுகளைப் பார்த்துத்தான் அம்மா எங்களுக்கு மருந்து ஊற்றுவாள்.

அப்பா டர்னர். சம்பளத்தில் பிடித்த சின்னத் தொகைக்கு அவருக்கும், அம்மாவுக்கும், பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட பாட்டிக்கும் வைத்தியம் நடந்தது. வரிசை நீளம்தான். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கிறார்கள் என்று அம்மா குறைபட்டுக்கொண்டதும் உண்டு. ஆனாலும் காய்ச்சலுக்காக நாங்கள் கடன் வாங்கியதில்லை. 1948இல் சட்டமாகி, 1955இல் கோயம்புத்தூர் வழியாக நம் மாநிலத்துக்கு வந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் அது. தனி ஆள் பிரீமியம் கட்டி எடுக்கும் மெடிக்ளைம் பாலிசி வந்ததே 1986இல்தான்.

பெரிய நோய் என்றால் ஸ்டான்லி. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்ததால், பாட்டி கடைசிவரை அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றேதான் சொன்னாள். மருத்துவத்தில் புதுமை, தலைமை என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்கே டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு. வடசென்னையில் பிரஸ் மெஷினில் விரல் போவது அன்றாடச் செய்தி. விரல் போனால் வேலை போகும், வேலை போனால் வீடே போகும். எங்கள் வட்டாரத்துக்கு எது தேவை என்று பார்த்து, அதை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செய்துகாட்டினார் அவர்.

அதே ஸ்டான்லியில் படித்தவர் பிரதாப் ரெட்டி. 1983இல் கிரீம்ஸ் சாலைப் பக்கம் அப்போலோவைத் திறந்து, தனியார் மருத்துவத்தின் போக்கையே மாற்றினார். அதே ஸ்டான்லியில் படித்த இன்னொருவர் டாக்டர் திருவேங்கடம். வியாசர்பாடிப் பக்கம் 1973இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, 2020இல் கண்மூடும்வரை ஐந்து ரூபாயைத் தாண்டவில்லை. வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரனும் அப்படித்தான். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது தெருவே திரண்டு அழுதது. அப்போலோவும் நாட்டுக்குத் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருக்காரர்களை உயிரோடு வைத்தவர்கள் பின்னவர்கள் இருவரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காப்பீட்டிலும் சென்னை முன்னால் நின்றது. யுனைடெட் இந்தியாவின் தலைவராக இருந்த வி. ஜெகந்நாதன் 2006இல் இங்கேதான் ஸ்டார் ஹெல்த்தைத் தொடங்கினார். மருத்துவக் காப்பீட்டுக்கென்றே நாட்டில் தோன்றிய முதல் தனிக் கம்பெனி அது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தமிழக அரசு அந்தக் கம்பெனி மூலமே நடத்தியது. எங்கள் தெருவில் மீன் விற்ற அக்காவுக்கு அந்த அட்டையில்தான் இதய வால்வு ஆபரேஷன் நடந்தது. அவர் பெயரே கேள்விப்பட்டிராத பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு பைசா கட்டாமல். அந்தக் காப்பீடு 2012இல் முதலமைச்சரின் திட்டமாக மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை வந்துவிட்டது. இதெல்லாம் அப்பா காலத்தில் கனவிலும் கிடையாது.

இனி என் தங்கச்சி மகன் கதை. எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை. சின்ன வயதிலிருந்தே வீசிங். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த மண்ணில் மூச்சுத்திணறல் ஒன்றும் புதிய நோயில்லை. அவனுக்குச் சம்பளம் 22,000 ஆனபோது தங்கச்சி தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாள். அந்த அரையாண்டு முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. நின்றுபோனது. உச்சவரம்பு 21,000. 2017 ஜனவரியில் வைத்தது, அதற்கப்புறம் விலைவாசி ஏறிய அளவுக்கு அது ஏறவே இல்லை. பதிலுக்குக் கான்ட்ராக்டர் ஒரு குரூப் பாலிசி எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் ராத்திரி மூச்சு முட்டி, பக்கத்து நர்சிங் ஹோமில் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பில்லை இன்சூரன்ஸில் கேட்டால், இருபத்துநாலு மணி நேரம் அட்மிஷன் இல்லை, கிளைம் கிடையாது என்று பதில்.

“மாமா, படுத்தாத்தான் காசு தருவாங்களாம். நான் நின்னுக்கினேதானே மூச்சு வாங்கறேன்!” என்றான்.

வடசென்னையின் நோய் முக்கால்வாசி நின்றுகொண்டே அனுபவிக்கும் நோய்தான். சர்க்கரை, பிரஷர், இருமல், இளைப்பு எல்லாமே மாதாமாதம் மருந்துக்கடையில் பணம் வைக்கச் சொல்பவை. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. போனது. இரண்டும் நல்ல காரியம்தான், ஆனால் இன்ஹேலர் வாங்க உதவாது. அந்த இடத்தில் ஓரளவு கைகொடுப்பது, 2021இல் தொடங்கி, வீட்டுக்கே வந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம்.

இப்படிப்பட்ட நோய்களுக்கு ஏற்ற முன்மாதிரி ஒன்று சென்னையிலேயே உண்டு: டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய, தரமணியில் இருக்கும் வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி. வருமானத்துக்கு ஏற்ற சந்தா, குடும்பம் முழுக்கக் கவனிப்பு, நோய் முற்றுவதற்குள் பரிசோதனை என்பது அவர் போட்ட பாதை. எங்கள் பக்கம் கத்திவாக்கத்தில் அதே மாதிரி ஒன்றைத் தொடங்க ஒரு டாக்டரும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியும் கைகோத்து முன்வரட்டும். ஈ.எஸ்.ஐ. வரம்பைச் சர்க்கார் உயர்த்தும்வரை காத்திருக்காமல், முதல் சந்தாவைக் கட்ட என் தங்கச்சி மகனை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.