முழு வயது என்றால் எத்தனை?

கேள்வி: 1850-இல் இங்கிலாந்தில் நடந்த திருமணம். சான்றிதழில் மணமகளுக்கு வயது 21 என்றிருக்கிறது. நம்பலாமா?

பதில்: அவள் சொன்னாள், எழுதிக்கொண்டார்கள் என்கிற அளவுக்கு நம்பலாம். பெற்றோர் சம்மதமில்லாமல் கல்யாணம் முடிக்க 21 நிறைந்திருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். 19 வயதுக் காதலுக்கு இரண்டு வருஷம் ஒரு கணக்கா? பொய் சொன்னால் தண்டனை உண்டே என்பீர்கள். உண்டுதான், ஆனால் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கும் வழக்கம் இல்லை. அரசாங்கப் பிறப்புப் பதிவே 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அவள் பிறந்தது அதற்கு முன்பு. பல சான்றிதழ்களில் எண்ணே இராது, ‘முழு வயது’ என்று மட்டும் இருக்கும். அதையும் 21 என்று படித்துவிடாதீர்கள். 60 வயது விதவைக்கும் அதே சொல்தான். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஞானஸ்நானத் தேதியும் பிறந்த தேதியல்ல. நடந்தே கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளும் உண்டு.