கடுதாசி அண்ணாச்சி

அவர் குடியிருக்கிற தெருவில் போய் அவர் பெயரைச் சொல்லி வீடு கேட்டால், “எந்த மில்லுல இருக்காரு?” என்று திருப்பிக் கேட்பார்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் பாதிப் பேருக்கு முகவரி மில்தான். அதே பெயரை ஊரோடு சேர்த்து நாகர்கோவிலிலோ தருமபுரியிலோ சொல்லிப் பாருங்கள். வாரப் பத்திரிகை படிக்கிற யாராவது ஒருவர், “லெட்டர் எழுதுவாரே, அவரா?” என்பார். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த அந்த மனிதரைத் தெருவில் தெரிந்தவர் தபால்காரர் ஒருவர்தான்.

நான் அவரைக் கடுதாசி அண்ணாச்சி என்றே சொல்லப்போகிறேன். பெயரைப் போட்டால், இனிஷியல் விட்டுப்போனது பற்றி இந்தப் பத்திரிகைக்கே ஒரு கடிதம் வரும். தவிரவும், இவர் மாதிரி ஊருக்கு ஒருவராவது உண்டு. உங்கள் ஊர்க்காரர் இவரைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்கலாம்.

மில்லில் கணக்கு எழுதிய ஆள். பெயர் ருசி முதலில் ரேடியோவில்தான் தட்டியது. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் கொடிகட்டிப் பறந்த காலம். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். இருபது பெயருக்கு நடுவே ஒரு தடவை “ராஜபாளையத்திலிருந்து” என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்காது. என்ன பாட்டு என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. பெயருக்கு முன்னால் யார் பெயர், பின்னால் யார் பெயர் என்பது தெரியும். பிறகு சீன வானொலி. பீக்கிங்கிலிருந்து தமிழில் பேசுகிறார்களே என்று ஊருக்கு ஊர் நேயர் மன்றம் வைத்த கூட்டத்தில் இவரும் ஒருவர். அங்கிருந்து வந்த நாட்காட்டி பல வருஷம் நடுக்கூடத்தில் தொங்கியது. தேதி பார்க்க அல்ல, விருந்தாளி பார்க்க.

ரேடியோவில் ஒரு குறை. காற்றோடு போய்விடும். பத்திரிகையில் வந்தால் வெட்டி ஒட்டலாம். அப்படித்தான் அவர் வாசகர் கடிதத்துக்கு வந்து சேர்ந்தார்.

இந்தத் தொழிலுக்கு முதலீடு என்று பார்த்தால் ஒரு கார்டு. வெள்ளைக்காரன் 1879-ல் காலணாவுக்கு விற்கத் தொடங்கிய தபால் கார்டு 50 காசில் வந்து நின்றது. போட்டிக்கு அனுப்புகிற கார்டுக்குத் தபால் இலாகா 10 ரூபாய் வாங்கியது. பரிசுக்கு ஆசைப்பட்டால் 10 ரூபாய், கருத்துச் சொன்னால் 50 காசு என்று அரசாங்கமே விலை வைத்துவிட்டதாக அண்ணாச்சிக்கு ஒரு வருத்தம். அதையும் கடிதமாக எழுதினார், 50 காசில்.

கார்டை ஊர்த் தபால்பெட்டியில் போடமாட்டார். சாயங்காலம் எடுத்து, ராத்திரி கட்டி, காலையில் ஏற்றுவதற்குள் சென்னைக்காரன் முந்திவிடுவானாம். ஸ்டேஷனுக்குப் போய், ரயிலோடு போகிற ஆர்.எம்.எஸ். பெட்டியின் துவாரத்திலேயே போட்டுவிட்டு, வண்டி கண்ணை விட்டு மறையும் வரை நிற்பார். பார்க்கிறவர்கள் யாரோ நெருங்கிய சொந்தத்தை வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெளிவந்த கடிதங்களை மில்லின் பழைய பேரேட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். பற்று பக்கம் அவர் அனுப்பியதின் நகல், வரவு பக்கம் அச்சில் வந்தது. பற்று எப்போதும் அரைப் பக்கம் இருக்கும். வரவு மூன்று வரி. மிச்சத்தை ஆசிரியர் வெட்டியிருப்பார். அண்ணாச்சி அந்தத் துணுக்கின் ஓரத்தில், வெட்டிய வரிகளை நீல மையில் பொடி எழுத்தில் எழுதிச் சேர்த்துவிட்டுத்தான் பிறருக்குக் காட்டுவார். “அச்சுல மங்கிப்போச்சு” என்பார்.

மதினிக்கு இதில் எதுவும் பிடிக்காது. ஒரு நாள் நான் இருக்கும்போதே கேட்டார்: “கதை எழுதுறவங்களுக்குக் காசு குடுக்காங்க. படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்ற உங்களுக்கு என்ன குடுக்காங்க?”

“பேரு வருதுல்லா?”

“பேரு நம்ம ரேஷன் கார்டுலயுந்தான் வருது.”

அண்ணாச்சி அதற்குக் கி.ரா.வைத் துணைக்கு இழுத்தார். இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதினாரே, அதுவும் கடுதாசிதானே என்றார். மதினி கி.ரா.வைப் படித்தவர். அடுப்படிக்குப் போகும்போது ஒரு பார்வை பார்த்தார். அதை எழுத எனக்கு வராது.

கேலி செய்வது சுலபம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாச்சி படிக்கிற மாதிரி நம்மில் யாரும் படிப்பதில்லை. தொடர்கதையில் நாலாவது அத்தியாயத்தில் வலது கையை உடைத்துக்கொண்ட ஆள் ஏழாவது அத்தியாயத்தில் அதே கையால் பந்து வீசினால், எழுதியவருக்கே தெரியாது, உதவி ஆசிரியருக்கும் தெரியாது, ராஜபாளையத்துக்குத் தெரியும். தன்னைப் பற்றிய கடிதங்களைத் தான் படிப்பதே இல்லை என்று பேட்டி கொடுக்கிற எழுத்தாளர்கள், புத்தகம் வந்ததும் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவருடைய தொழில் ரகசியம் எனக்கு ஒரு சீடன் மூலமாகத் தெரியவந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிப் பட்டறையில் வேலை பார்க்கிற பையன். பத்திரிகையில் பெயர் வரவேண்டும் என்று ஆசை. ஒரு கார்டு எழுதிக்கொண்டு வந்தான். “அட்டைப்படம் அசத்தல். தலையங்கம் நெத்தியடி. சிறுகதை கண்களைக் குளமாக்கியது. துணுக்குகள் வயிற்றைப் பதம் பார்த்தன.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இது என்ன, மளிகைக் கடைச் சிட்டையா? இதை எந்த வாரத்துக்கும் எந்தப் புத்தகத்துக்கும் அனுப்பலாமே. படிக்காமலே அனுப்பலாமே.”

“நானும் படிக்கலை அண்ணாச்சி. சலூன்ல அட்டையை மட்டும் பாத்தேன்.”

“அதான் தெரியுதே. ஒரு புத்தகத்துல ஒண்ணை மட்டும் பிடி. அதை முழுசாப் படி. எழுதினவருக்குத் தெரியாத ஒரு சங்கதி உன்கிட்ட இருக்கான்னு யோசி. இருந்தா எழுது. இல்லைன்னா கார்டை மிச்சம் பண்ணு. பாராட்டுறதா இருந்தா எந்த வரிக்காகப் பாராட்டுறேன்னு சொல்லு. குத்தம் சொல்றதா இருந்தா, அந்த ஆளை நேர்ல பாத்தா மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு. அதுக்கு மேல ஒரு வரி கூடாது. கூடுனா அவங்களே வெட்டிருவாங்க.” இதைச் சொல்லும்போது குரல் லேசாகக் கம்மியது.

பையன் கெட்டிக்காரன். கொஞ்ச நாளில் ஒரு பத்திரிகையில் கைத்தறி, விசைத்தறி பற்றிக் கட்டுரை வந்தது. சேலை, வேட்டி, துண்டு எல்லாம் இருந்தது. பையன் ஒரு கார்டு போட்டான்: கட்டுகிற துணியைப் பற்றி எழுதினீர்கள், காயத்துக்குக் கட்டுகிற துணியை விட்டுவிட்டீர்கள், அதை நெய்கிற ஊர் சத்திரப்பட்டி, தறியில் நிற்கிறவன் சொல்கிறேன். ஒரு எழுத்து வெட்டாமல், கட்டம் கட்டிப் போட்டார்கள். அண்ணாச்சி மூன்று பிரதி வாங்கினார். எல்லோரிடமும், “கடைசி வரி நான் சொல்லிக் குடுத்தது” என்றார். அது பையனே எழுதியது. கட்டம் கட்டிய கடிதம் பேரேட்டில் அண்ணாச்சிக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. அதைச் சீடனுக்குச் சொல்லவில்லை. ஊர்ப்பெயர் கீழே கையெழுத்தில் மட்டும் வந்தால் போதாது, கடிதத்துக்குள்ளேயும் வந்துவிட வேண்டும். ராஜபாளையம் என்றதும் நாயைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்களே, சஞ்சீவி மலை இல்லையா, பஞ்சு இல்லையா, இங்கே மனிதர்களே இல்லையா என்று வருஷத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் போடுவார். 2005-ல் தபால் இலாகா நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அண்ணாச்சி அதை வாங்கிக் குவித்தார். அந்த வருஷத்துக் கண்டனக் கடிதம், உறையில் நாய்த் தலையோடுதான் போனது.

இந்த இடத்தில் எதிராளியைச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஆன்மிகப் பத்திரிகைக்கு எழுதும்போது ஊரை ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும், தூய தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதும்போது திருவில்லிபுத்தூர் என்றும் போடுகிறவர். இருவரும் சந்தித்ததே இல்லை. ஆனால் ஒருவர் கடிதத்தில் மற்றவர் பிழை பிடிப்பது பல வருஷமாக நடக்கிறது.

ஒரு தடவை, கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்த மால்யத’ எங்கள் ஆண்டாளின் கதையல்லவா என்று தமிழாசிரியர் பெருமைப்பட்டு எழுதினார். அடுத்த வாரமே அண்ணாச்சி பதில் போட்டார்: ஆண்டாள் உங்கள் ஊர், சரி, அந்தக் காவியத்தைத் தமிழில் பெயர்த்துச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு வாங்கிய மு.கு. ஜகந்நாத ராஜா எங்கள் ஊர். தமிழாசிரியரால் மறுக்க முடியவில்லை. பதிலுக்கு, அண்ணாச்சியின் கடிதத்தில் இரண்டு ஒற்று விடுபட்டிருப்பதாக எழுதினார்.

ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஓரணி. தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் இல்லை, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்று யாராவது எழுதிவிட்டால், இரண்டு ஊரிலிருந்தும் ஒரே தேதியில் கார்டு கிளம்பும். சின்னத்தை வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரைக் கோபுரத்தைத்தான் சொன்னார் என்று எடுத்துக்காட்டினால், வரைந்தவருக்கு என்ன தெரியும் என்கிற அளவுக்கு இருவருக்கும் துணிச்சல் வரும்.

இப்போது கார்டு போய்விட்டது. 2020 ஊரடங்கில் கல்கி அச்சில் வருவது நின்றபோது, அண்ணாச்சி துக்கம் கேட்கிற தோரணையில் நாலு பேருக்குப் போன் பண்ணினார். இருக்கிற பத்திரிகைகளுக்கு அவர் சொல்லச் சொல்லப் பேத்தி கைபேசியில் தட்டி மின்னஞ்சலில் அனுப்புகிறாள். சென்னைக்காரனுக்கு இருந்த ஒரு நாள் லாபம் ஒழிந்தது என்பதில் அவருக்குப் பரம திருப்தி. பேத்தி சும்மா தட்ட மாட்டாள். கடிதத்துக்குக் கால் கிலோ பால்கோவா. அதுவும் பக்கத்துக் கடையில் வாங்கி ஏமாற்ற முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாதான் என்று பேத்திக்குத் தெரியும். ஆகவே மாதம் இரண்டு தடவை அவர் பஸ் ஏறுகிறார்.

அப்படி ஒரு நாள் திரும்பும்போது பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். மடியில் பத்திரிகை, கையில் சிவப்புப் பேனா. அண்ணாச்சி ஓரக்கண்ணால் பார்த்தார். வாசகர் கடிதப் பக்கம். அவருடைய கடிதம். அதில் ஓரிடத்தில் சிவப்பு வட்டம்.

“அந்த ‘க்’கை நான் போட்டிருந்தேன். அவங்கதான் விட்டுட்டாங்க.”

பெரியவர் நிமிர்ந்தார். “ராஜபாளையமா?”

“வில்லிபுத்தூரா?”

ராஜபாளையம் வந்து, பஸ்ஸில் எல்லோரும் இறங்கி, நடத்துநர் இரண்டு தரம் விசில் ஊதிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. அரசுச் சின்னம் உருவானபோது முதல்வர் யார் என்பதில் வந்து மாட்டியிருந்தது. 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலகிக் குமாரசாமி ராஜா வந்தார். அவர் ராஜபாளையத்துக்காரர்; தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஆகவே சின்னமும் அவர் கணக்கில்தான் வரவேண்டும் என்பது அண்ணாச்சி கட்சி. யோசனை ஓமந்தூரார் காலத்தது என்பது தமிழாசிரியர் கட்சி. ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அழைக்கவில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பத்து நாளில் ஒரு நாளிதழில் வந்தது: “அண்மையில் பேருந்தில் சந்தித்த ராஜபாளையம் வாசகர் ஒருவர், அரசுச் சின்னம் குறித்துத் தவறான தகவலைக் கூறினார்.” பெயர் இல்லை. வெறும் ‘ஒருவர்’. கட்டம் கட்டியிருந்தார்கள்.

நான் போனபோது அண்ணாச்சி கூடத்தில் நடந்துகொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி தட்டுவதை நிறுத்தினாள்.

“தாத்தா, வில்லிபுத்தூர் இங்கனதான இருக்கு. நேர்ல போய்ச் சொல்லிட்டு, அப்படியே பால்கோவாவும் வாங்கிட்டு வந்துரலாம்ல?”

“நேர்ல சொன்னா யாரு படிப்பா? நீ அடி. பேருக்கு முன்னால இனிஷியலைப் போடு.”