மியூட் பட்டன் மகிமை

பப்ஜி விளையாட்டின் தீவில் 100 பேர் குதித்தாலும் என் அணியில் நாலே பேர். ஒருவர் மைக்கில் மிக்சி ஓடும். இன்னொருவர் 'நெட் லேக் ப்ரோ' என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. மூன்றாமவன் பள்ளிக்கூடப் பையன். என்னை 'டேய் நூப்' என்று வறுத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று 'இதோ வரேம்மா' என்று குழைந்தபடி நட்டநடுச் சாலையில் அப்படியே நின்றுவிட்டான். செத்தான். பழி என்மேல்: 'ஏன் ரிவைவ் பண்ணல?'

2020 செப்டம்பரில் இந்த மொபைல் விளையாட்டுக்கு இந்திய அரசு தடை போட்டது. 2021-லேயே பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. ரத்தமும் பச்சையாயிற்று, வன்முறை ஒழிந்ததாம்! வசவுகளுக்கு மட்டும் யாரும் சாயம் மாற்றவில்லை. முதுகில் மாட்டிய வாணலி துப்பாக்கிக் குண்டையே தடுக்கும். காதுக்குத்தான் கவசம் கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களே, முதலில் மியூட் பட்டனைத் தேடுங்கள். துப்பாக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.