எஃப் 12-உம் எட்டாம் நம்பர் லயமும்

கோட் எழுதுகிற நேரத்தைவிட, எழுதி வைத்ததைத் தேடுகிற நேரமே அதிகம் என்பது தொழிலில் இருப்போர் அறிந்த உண்மை. ‘இந்த ஃபங்ஷனை எவன் எழுதினான், எங்கே வைத்தான்?’ என்ற ஆதி வினாவுக்கு அமெரிக்க அறிஞர்கள் பல்லாண்டு மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். ஒருதரம் இலங்கையின் ஹட்டன் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் வந்து போயிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

சான்று வருமாறு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ‘லெட்சுமி’ என்று மட்டும் கூப்பிட்டால் கூட்டத்தில் பாதி திரும்பும். ஆகவே மேல் கணக்கு (தோட்டப் பிரிவு), எட்டாம் நம்பர் லயம் (வரிசைவீடு), மூன்றாம் காம்பரா (அறை), லெட்சுமி என்று படிப்படியாக இறங்குவார்கள். கோட்காரர்கள் நடுநடுவே புள்ளி வைத்து இதையே செய்துவிட்டு, ‘நேம்ஸ்பேஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். இத்தனை படிகள் இருந்தும் கடிதம் மட்டும் இன்றும் பல தோட்டங்களில் கந்தோர்வரை வந்து நின்றுவிடுகிறது. நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்பு கைக்கு வருவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தேடுவோரில் இரு கட்சி உண்டு. எழுத்துக் கட்சியார் கண்ட்ரோல்-எஃப் அடிப்பவர்கள். இவர்களின் குலமுதல்வன், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் எழுதி 1973-ல் யுனிக்ஸோடு வெளிவந்த கிரெப். கேட்ட எழுத்து எங்கே கிடந்தாலும் அள்ளி வந்து கொட்டும். அது ஆளா, பேரா என்று விசாரிக்காது. பொருள் கட்சியாரோ பெயர்மேல் கர்சரை வைத்து எஃப் 12 அழுத்துவார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோட் அப்பெயர் பிறந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் அதை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் வரும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு இரண்டும் மனப்பாடம்.

கட்சிப் பூசல் முற்றுவது 1000 என்ற எண்ணில்தான். தோட்டத்துச் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற ஒருவர் புறப்படுகிறார் என்று கொள்வோம். 2021-ல் நாட்சம்பளம் 1000 ரூபாய். அதற்கொரு பெயர் வைத்து ஓரிடத்தில் எழுதியிருந்தால் எஃப் 12 போதும். அவரோ அவசரத்தில் கண்ட இடமெல்லாம் 1000 என்றே அடித்துவைத்தார். 2024-ல் சம்பளம் 1350 ஆகிறது. எழுத்துக் கட்சியின் மரபுப்படி ‘அனைத்தையும் மாற்று’ என்று ஒரே அழுத்து. ரூபாய் எல்லாம் ஒழுங்காக மாறியது. தராசு கிராமில் அனுப்பும் எடையைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்த வரியும் கூடவே மாறியது. இனி 27 கிலோ கொழுந்து பறித்தவர் பெயருக்கு நேரே 20 கிலோதான் விழும். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் ஏற்கெனவே எடை பிடிக்கிற தராசடியில், இதைக் கணினிப் பிழை என்று எவர், எந்த அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடிப்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.